ஓமம் மணத்த தொட்டி

நம் ஆய்வுக்கூடத்தின் கதவுக்குப் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு நாலு மூலையிலும் டேப் அடித்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் இருவரும் இந்நேரம் அதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டே வரிதான். "திசுவைக் கட்டும் முன் வெறும் தொட்டியை வேறொருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லவும்" என்பது முதல் வரி. "கூப்பிடும் ஆள் உங்களைக் கண்டால் ஆகாதவராக இருந்தால் நல்லது" என்பது இரண்டாவது. இரண்டாவது வரியைப் படித்துவிட்டு மாணவர்கள் சிரிப்பார்கள். மூன்று வருடம் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கையெழுத்து வளர்மதியுடையது. இன்று உங்களுக்கு அவர் துறைத்தலைவர். எனக்குப் பக்கத்து அறைக்காரர், பதின்மூன்று வயது இளையவர். நான் செய்த நல்ல காரியங்களை எழுதித் தரும்படி கல்லூரி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன், அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்களுக்கு வளர்மதியின் மேல் எனக்கிருந்த பொறாமையை எழுதுகிறேன். உங்களுக்கு அதில்தான் உபயோகம் அதிகம்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரை வீட்டில் இருப்பவர்களும் புரட்டுவார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய ஆட்டின் சிறுகுடலில் இரண்டு அங்குலத் துண்டை நூலில் கட்டி, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் தொங்கவிட்டால், அது மணிக்கணக்கில் தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அந்தத் துண்டைத்தான் திசு என்கிறோம், கரைசல் இருக்கும் கண்ணாடிக் குவளையைத் தொட்டி என்கிறோம். குடலைச் சுருக்கும் மருந்தை விட்டால் தசை இழுத்துப் பிடிக்கும், கணினித் திரையில் கோடு மேலே ஏறும். ஓமம், சோம்பு, இஞ்சி என்று ஏதாவது ஒன்றிலிருந்து வடித்த எண்ணெயில் ஒரு துளி விட்டால் பிடி தளர்ந்து கோடு இறங்கும். எவ்வளவு விட்டால் எவ்வளவு தளர்கிறது, கழுவிவிட்டால் பழையபடி சுருங்குகிறதா, இதைப் பார்ப்பதுதான் மொத்த வேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தைக்கு ஓமத்தண்ணீர் ஏன் கேட்கிறது என்பதற்கான விடை அந்தக் கோட்டில் இருக்கிறது.

இந்த வேலையில் நான் முதலில் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் முனைவர் பட்டத்துக்காக எலுமிச்சைப்புல் எண்ணெயை வைத்து எட்டு மாதம் பதிவுகள் எடுத்தேன். அப்போது கணினி கிடையாது. புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளையில் முள் கீறிக்கொண்டே போகும். ஒரே சீராகக் கரி பூசுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. என் வழிகாட்டி அதிகம் பேசாதவர். ஒருநாள் வந்தார், உருளையைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் கழுவிப் புதுக் கரைசல் நிரப்பியிருந்த தொட்டியின் மேல் குனிந்து முகர்ந்தார்.

"வாசன வருதேப்பா" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

எனக்கு விளங்க ஒரு நாள் ஆனது. தொட்டிக்குக் கரைசல் வருவதும் போவதும் அடியில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாக. எண்ணெய் அந்த ரப்பருக்குள் ஊறிவிடும். எத்தனை முறை கழுவினாலும், புதுக் கரைசல் அதே குழாய் வழியாக வரும்போது கொஞ்சம் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். நான் துளி விடுவதற்கு முன்பே தசை எண்ணெயில் நனைந்திருக்கிறது. எட்டு மாத வேலை வீண். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிலிருந்து வெறும் தொட்டியை முகராமல் நான் திசு கட்டியதில்லை. இங்கே விருத்தாசலத்துக்கு வேலைக்கு வந்த பிறகும் அப்படித்தான். ஆனால் இதை யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். உள்ளே இருந்த காரணம் வேறு. எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் நமக்கென்று என்ன மிச்சம் என்ற கணக்கு.

வளர்மதி வேலைக்குச் சேர்ந்த மாதமே அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அவர் மங்களூர் பக்கத்துப் பெண், நம் திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூர். விவசாயக் குடும்பம். பெரிய கல்லூரியில் படித்தவரில்லை. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதை எங்கே வாங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஒரு திசுவைக் கட்டி அது நிலைக்கு வர முக்கால் மணி நேரம் காத்திருப்பேன். அவர் கட்டினால் கால் மணி நேரத்தில் சீராகத் துடிக்கும். என் திசு பிற்பகலில் சோர்ந்துவிடும். அவருடையது சாயங்காலம் நாங்கள் பையை மாட்டும்வரை ஆடிக்கொண்டிருக்கும். மாணவர்கள் என் அறையைத் தாண்டி அவர் அறைக்குப் போவார்கள். போகிறபோது எனக்கு வணக்கம் வைப்பார்கள், அது இன்னும் எரியும்.

மங்கலம்பேட்டையில் நடந்ததுதான் உச்சம். குடல் வாங்க முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கேதான் போவோம். கறிக்கடை பாயிடம் நான் பதினோரு வருட வாடிக்கை. ஒருநாள் குளிர்ந்த கரைசல் ஊற்றிய பிளாஸ்கோடு போய் நின்றேன். முதல் ஆடு உரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாய், கொடலு?"

"அது டீச்சரம்மாவுக்கு எடுத்து வெச்சிருக்குது சார். எட்டு மணி பஸ்ஸுல வருவாங்க. அடுத்த ஆடு ஒங்களுக்குத்தான், செத்த ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பின் குத்தி வைத்திருந்தார். பார்த்தால் நம் கணினிப் பதிவு. ஏறி இறங்கும் கோடுகள்.

"அது நம்ம ஆட்டுக் கொடலு சார்" என்றார் பாய். "இங்கேர்ந்து போயி நாலு மணி நேரம் அங்க உசுரோட இருந்துச்சாம். டீச்சரம்மாதான் குடுத்தாங்க. பச்சத்தண்ணி ஊத்தாதீங்க பாய், ஊத்துனா செத்துரும்னாங்க. நான் தண்ணியே காட்டுறதில்ல இப்ப."

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் பேசியது "கொடலு இருக்கா" என்பது மட்டும்தான். அவர் கொடுத்த குடல் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அது தெரிந்தும் எனக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மடியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு, இவளுக்கு எல்லாம் தானாக வந்து விழுகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

என்னிடம் இருந்து வளர்மதியிடம் இல்லாத ஒன்று முனைவர் பட்டம். அவர் பகுதி நேரமாகப் பதிவு செய்து ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பைக் கொடுத்துவிட்டது. அந்தத் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை இனி வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகமும் சுற்றறிக்கை விட்டிருந்தது. அவர் கணவர் ஊரில் மக்காச்சோளம் போட்டிருந்தார், வானம் பார்த்த பூமி. நிச்சயமான வருமானம் என்றால் வளர்மதியின் சம்பளம் மட்டும்தான்.

ஆய்வு ஓம எண்ணெய். ஒருநாள் அவர் அறைக்கு ஒரு கிளாம்பு வாங்கப் போனேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆய்வுக்கூட உதவியாளர் அஞ்சலை மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் அப்போதுதான் நிரப்பிய கரைசல், குடல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், குனிந்து முகர்ந்தேன்.

ஓமம் பளிச்சென்று மணத்தது.

"அஞ்சலம்மா, இந்த அடிக்குழாய எப்ப மாத்துனது?"

"மாத்தவே இல்லியே சார். போன வருஷம் மாட்டுனது. ஏன் சார், ஒழுவுதா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளாம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை நான் மறைக்கப் போவதில்லை. அவரும் என்னைப்போல விழுந்திருக்கிறார் என்ற சந்தோஷம். டீ முடித்துத் திரும்பியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்றானது. அவருக்கு வழிகாட்டி ஒருவர் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ளட்டும். கேட்காமல் போய்ச் சொன்னால் பொறாமையில் குறை சொல்கிறான் என்பார்கள். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நல்ல நல்ல காரணங்கள். நாற்பது நாள் ஓடிவிட்டது.

நடுவில் ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"சார், பாருங்களேன். நாலு தடவ கழுவிட்டேன். அப்பவும் தளந்தது தளந்தபடியே இருக்குது. எண்ணெ உள்ள போயி ஒக்காந்துடுது போல. வேற எந்த எண்ணெக்கும் இப்பிடி இல்ல சார்."

"நல்லாருக்கும்மா" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் பேசிய வார்த்தைகளில் மோசமானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பையன்களைத் திட்டியிருக்கிறேன், தேர்வில் கறாராக இருந்து அழவைத்திருக்கிறேன். அதெல்லாம் பரவாயில்லை. இந்த ஒரு வார்த்தை பரவாயில்லை ஆகாது.

இவ்வளவு வாசனை அவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் தினமும் ஓம எண்ணெயைக் கையாள்கிறவரின் மூக்குக்கு ஓமம் தெரியாது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்காது அல்லவா, அதுபோலத்தான். வெளியிலிருந்து வருகிறவர் மூக்குதான் சொல்லும். அந்த வராந்தாவில் தொட்டியை முகரும் பழக்கமுள்ள வெளி மூக்கு என்னுடையது மட்டும்தான் இருந்தது. அது வாயை மூடிக்கொண்டிருந்தது.

பிறகு எப்படிச் சொன்னேன் என்றால், மனம் திருந்திச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பேசுவதற்கு முன் ஒத்திகையாக நம் கருத்தரங்க அறையில் வளர்மதி தன் ஆய்வை விளக்கினார். அப்போதிருந்த துறைத்தலைவர் அதிகம் பாராட்டாதவர். என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு "பைண்டிங் நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னவர். அவர் எழுந்து, கழுவினாலும் போகாத இந்தத் தளர்ச்சி இதுவரை இந்தத் துறையில் யாரும் பார்க்காதது, இதனால் நம் கல்லூரிக்கே பேர் வரப்போகிறது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சில் எரிந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து, "கழுவுன தொட்டிய யாராவது மோந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

நான் ரப்பர் குழாய் விஷயத்தைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், வகுப்பில்கூட அப்படி விளக்கியதில்லை. எல்லாரும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். வளர்மதி பழைய கரைசலைத் திறந்துவிட்டு, ஐந்து முறை கழுவி, புதுக் கரைசல் நிரப்பினார். துறைத்தலைவர் குனிந்து முகர்ந்தார். அவருக்குத் தெரிந்தது. இன்னும் இருவர் முகர்ந்தார்கள், அவர்களுக்கும் தெரிந்தது. வளர்மதி முகர்ந்தார். நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே சார்" என்றவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டார். "எப்ப சார் கவனிச்சீங்க?"

"நேத்துதாம்மா" என்றேன்.

"நல்லவேளை சார். அங்க போயி மாட்டியிருப்பேன்" என்றார். எல்லாரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். துறைத்தலைவர் என் தோளில் கை வைத்தார். அவரிடமிருந்து எத்தனையோ வருடம் எதிர்பார்த்த கை, அன்றைக்குப் போய்க் கிடைத்தது.

கடைசித் தேதிக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். துறைத்தலைவர் ஒரு வழி சொன்னார். கழுவிய பின் எடுத்த பதிவுகளை மட்டும் நீக்கிவிடலாம், எண்ணெய் விட்டால் தளர்கிறது என்ற பகுதி போதும், ஆய்வேடு சின்னதாகும் ஆனால் தேதிக்குப் போய்விடும். கேட்க நியாயமான யோசனை. நானும் தலையாட்டினேன். உண்மையில் அது தப்பான யோசனை என்று எனக்குத் தெரியும்.

வளர்மதி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"இல்லிங்க சார். ஒரு நாளைக்கி மொதல் டோஸுக்கு முன்னாடியே குழாயில மொத நாளு விட்ட ஓமம் இருந்திருக்குது. அப்ப எந்தக் கோடு எண்ணெயால எறங்குச்சி, எது குழாயால எறங்குச்சின்னு எனக்கே தெரியாது. ஒண்ணும் மிஞ்சாது. எல்லாத்தையும் மறுபடி எடுக்குறேன்."

"இருபத்துமூணு நாளுலயா?" என்றார் துறைத்தலைவர்.

"பாய் தெனமும் ஆடு வெட்டுறாரு சார். நான் தெனமும் போறேன்."

மறுநாளே அவர் இன்னொன்று செய்தார். அடிக்குழாய்க்கு ரப்பருக்குப் பதில் என்ன போடுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக் குழாயோடு வந்தார். வழவழவென்று கண்ணாடிப் பூச்சு போட்ட பீங்கான். ஹீட்டர் கம்பிக்கு உறையாகப் போட நம் ஊர் செராமிக் யூனிட்டுகளில் செய்கிறார்களே, அந்தக் குழாய். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பூச்சு போட்டு, கேட்ட அளவுக்கு வெட்டி வாங்கியிருக்கிறார். அதில் எண்ணெய் ஊறாது. நான் விருத்தாசலத்திலேயே பிறந்தவன். என் மைத்துனர் அந்த யூனிட்டுகளில் ஒன்றில்தான் சூளை மேற்பார்வையாளர். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குழாய்கள் முற்றத்தில் உடைந்து கிடக்கும், தாண்டித்தான் உள்ளே போவேன். முப்பது வருடம் ரப்பரோடு போராடியவனுக்கு அது தோன்றவில்லை. மங்களூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து பதினேழு நாள், தினமும் காலையில் என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"சார், வந்து ஒரு வாட்டி மோந்து பாத்துட்டுப் போங்க."

நான் போவேன். வெறும் தொட்டியில் புதுக் கரைசல் இருக்கும். குனிந்து முகர்வேன். அவர் தொட்டியைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இல்ல" என்று சொன்னால்தான் பிளாஸ்கைத் திறந்து குடலை எடுப்பார். நான் வெளியே வரும்போது அஞ்சலை துடைப்பத்தோடு உள்ளே போவார். தினமும் அதே நேரத்துக்குப் பெருக்க வருகிறாரே, ஒழுங்கான பெண்மணி என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாம் நாள் லேசாக மணத்தது. சொன்னேன். தேடிப் பார்த்ததில் குடலை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கியில் ஊறியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடிக் கொக்கி போட்டு, தொட்டியை மறுபடி அலசிச் சரிசெய்வதற்குள் பாதி நாள் போய்விட்டது. கொண்டுவந்த குடலும் கெட்டுவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. "சரிங்க சார், நாளைக்கி எடுத்துக்குறேன்" என்றார்.

பதினாலாம் நாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய நாள் வந்த பதிவுகளை நான் பார்த்திருந்தேன். அவ்வளவு சுத்தமான கோடுகளை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. மறுநாள் காலை குனிந்தேன். உப்புத் தண்ணீர் வாசனை தவிர ஒன்றும் இல்லை. "மணக்குதும்மா" என்று சொன்னால் ஒரு நாள் போய்விடும். நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு வாரமாக விடிவதற்கு முன் எழுந்து மங்கலம்பேட்டை போய் வருகிற முகம்.

"இல்ல" என்றேன்.

அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நான் என்ன ஆள் என்று எனக்கே தெரிந்துபோயிருக்கும்.

தேதிக்கு ஒருநாள் முன்னதாக ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் அதில் இல்லை. ஓம எண்ணெய் குடல் தசையைத் தளர்த்துகிறது, கழுவினால் சில நிமிடங்களில் தசை பழையபடி சுருங்குகிறது, அவ்வளவுதான். துறைத்தலைவருக்கு ஏமாற்றம். ஆனால் வளர்மதி வாய்மொழித் தேர்வில் அதையே வேறு விதமாகச் சொன்னார். வலி போனதும் குடல் தன் வேலையைப் பார்க்கத் திரும்ப வேண்டும், நிரந்தரமாகத் தளர்ந்துவிட்டால் அது மருந்தில்லை, வேறு ஒரு வியாதி. இதை நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியில் நின்றார். தொட்டியில் எண்ணெய் மிச்சமில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"கழுவுன தண்ணிய மட்டும் தசையில விட்டு, கோடு எறங்கலன்னு ஒவ்வொரு நாளும் பதிவு எடுத்து வெச்சிருக்கேன் சார்" என்று அந்தப் பக்கங்களைக் காட்டினார் வளர்மதி. "அதுக்கும் முன்னாடி எங்க சார் மோந்து பாத்தாரு."

அரங்கம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பட்டம் என்று அறிவித்தபோது நானும் கைதட்டினேன். தட்டும்போதும் எரிந்தது. அந்த வாரம்தான் கதவுக்குப் பின்னால் அந்தத் தாளை ஒட்டினார்.

மூன்று வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், என் பொறுமையைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசினார். எல்லாரும் சாப்பிடப் போனதும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வளர்மதி அங்கே பீங்கான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். விழா நாளிலும் அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

"வளர்மதி, அன்னைக்கி நேத்துதான் பாத்தேன்னு சொன்னேன்ல. அது பொய்ம்மா. நாப்பது நாளுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவர் குழாயைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும் சார். அஞ்சலையக்கா அந்த வாரமே சொல்லிட்டாங்க. குழாய எப்ப மாத்துனதுன்னு சார் எப்பவோ கேட்டாரே, ஏன் இம்மாம் நாளு சொல்லலன்னாங்க."

"கோபம் வரலியா?"

"வந்துச்சி. இருபத்துமூணு நாளுதான சார் இருந்துச்சி, கோபப்பட நேரமில்ல."

"தெரிஞ்சுமா தெனமும் என்னையே கூப்ட்ட?"

அவர் குழாயைத் துணி மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "ஒங்களுக்கு எம்மேல பொறாம சார்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "மத்தவங்களக் கூப்ட்டா, பாவம் இந்தப் பொண்ணுக்கு நாளில்லியேன்னு, லேசா மணந்தாலும் மணக்கலன்னுடுவாங்க. நீங்க விடமாட்டீங்க. நீங்க இல்லன்னு சொன்னா நெசமாவே இல்லன்னு எனக்குத் தெரியும்."

கதவுக்குப் பின்னால் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வரியை மறுபடி படித்தேன்.

"இல்லாதத இருக்குதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டேன். கேட்கும்போது பதினாலாம் நாள் காலை எனக்கு ஞாபகம் வந்தது.

"அதுக்குத்தான் ஒங்க பின்னாடியே அஞ்சலையக்காவ அனுப்புனேன். அவங்களும் மோந்து பாப்பாங்க" என்றார். "அந்தப் பதினேழு நாளும் நீங்க ரெண்டு பேரும் ஒரே மாரிதான் சொன்னீங்க சார். சாப்பாடு ஆறிடும், வாங்க போலாம்."

நீங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சோம்பு எண்ணெயில் நீங்கள் எடுத்த முதல் பதிவுகளை வளர்மதி எனக்குப் போனில் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் இப்படி ஒரு கோடு எனக்கு வந்ததில்லை. நெஞ்சில் அதே பழைய இடத்தில் எரிந்தது, இந்த வயதிலும் அது போகவில்லை. நான் ஜங்ஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆட்டோவில் பத்து நிமிடம். மூக்கு இன்னும் நன்றாகவே இருக்கிறது. திசுவைக் கட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். எனக்குப் பின்னால் அஞ்சலையையும் அனுப்புங்கள்.